மதுக்கூடத்து மேசையில் யார் யாரைப் பார்க்கிறார்கள்? துலூஸ் லோத்ரெக்கை முதன்முதலாகப் பார்ப்பவர்களுக்கு

ஒரு மேசை. சுற்றிலும் மூன்று ஆண்களும் இரண்டு பெண்களும் உட்கார்ந்திருக்கிறார்கள். மேசைமேல் பாட்டிலும் கோப்பைகளும். இரவு களைகட்டியிருக்கும் நேரம். ஆனால் கொஞ்சம் நிதானமாகப் பார்த்தால், அந்த ஐவரில் ஒருவர் கண் இன்னொருவர் கண்ணைச் சந்திப்பதாகத் தெரியவில்லை. சேர்ந்துதான் இருக்கிறார்கள், ஆளுக்கொரு திசையில்.

பாரிஸ் நகரத்து ஓவியர் துலூஸ் லோத்ரெக் 1892-க்கும் 1895-க்கும் இடையில் வரைந்த ‘மூலான் ரூஜில்’ என்ற ஓவியம் இது. மூலான் ரூஜ் என்பது பாரிஸில் ஒரு நடன அரங்கு. இப்போது சிகாகோ கலைக்கழக அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நான் இதை முதலில் பார்த்தது ஒரு புத்தகத்தில், தபால் அட்டை அளவில். பிடிக்கவில்லை. முகங்கள் கோணலாகவும், வண்ணங்கள் ஏதோ காய்ச்சல் கண்ட மாதிரியும் தெரிந்தன. பக்கத்தைத் திருப்பிவிட்டேன். பல வருடம் கழித்து ஒரு மழை நாளில், பொழுது போகாமல், அதே படத்தைப் பென்சிலால் நகலெடுக்க உட்கார்ந்தேன். அன்றுதான் அது எனக்குத் திறந்தது.

அதனால் இந்த வழிகாட்டி பென்சிலோடுதான் தொடங்குகிறது. வரையத் தெரியாது என்று தயங்க வேண்டாம். இங்கே வரைவது கண்ணை நிறுத்தி வைப்பதற்காக மட்டும். அழகாக வர வேண்டிய அவசியமே இல்லை.

ஒரு சொல்லை மட்டும் முதலிலேயே விளக்கிவிடுகிறேன். லோத்ரெக்கை ‘பின் இம்ப்ரெஷனிஸ்ட்’ என்று வகைப்படுத்துவார்கள். வான் கோ, செசான், கோகன் ஆகியோரும் அந்த வகையில் வருவார்கள். இந்தப் பெயரை வைத்தவர் ரோஜர் ஃப்ரை என்ற ஆங்கிலேய விமர்சகர், 1910-இல் லண்டனில் அவர் நடத்திய கண்காட்சிக்காக. லோத்ரெக் 1901-இலேயே இறந்துவிட்டார். தன்னை இப்படி அழைப்பார்கள் என்று அவருக்குத் தெரியாது. ஆகவே இந்தப் பெயரில் அதிகம் மாட்டிக்கொள்ள வேண்டாம். முந்தைய தலைமுறை இம்ப்ரெஷனிஸ்டுகள் வெளிச்சம் பொருள்கள்மேல் எப்படி விழுகிறது என்று தேடினார்கள். அவர்களுக்குப் பின் வந்தவர்கள் கோட்டையும் வண்ணத்தையும் தங்கள் மனதுக்கு ஏற்றபடி வளைத்தார்கள். தொடங்குவதற்கு இவ்வளவு போதும்.

1. நல்ல படம் ஒன்றைத் தேடி எடுங்கள்

அருங்காட்சியகங்களின் சொந்த இணையதளங்களுக்கே போங்கள். சிகாகோ கலைக்கழகம், வாஷிங்டனின் தேசியக் கலைக்கூடம், கிளீவ்லேண்ட் அருங்காட்சியகம், நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகம் ஆகியவை காப்புரிமை முடிந்த ஓவியங்களின் பெரிய படங்களை இலவசமாகவே தரவிறக்க விடுகின்றன. வேறு இடங்களில் கிடைக்கும் படங்களில் வண்ணத்தைப் பளிச்சென்று ஏற்றியிருப்பார்கள். லோத்ரெக்கின் வண்ணம் மங்கலானது, சுண்ணாம்புச் சுவர் போல மினுமினுப்பற்றது. அதை ஏற்றிவிட்டால் பாதி ஓவியம் போய்விடும்.

அசல் ஓவியம் ஏறத்தாழ 123 செ.மீ. உயரமும் 141 செ.மீ. அகலமும் உடையது. உங்கள் கையை நீட்டி அந்த அகலத்தை ஒரு முறை சுவரில் அளந்து பாருங்கள். முன்னால் இருப்பவர்கள் நம் பக்கத்தில் நிற்பவர்களைப் போன்ற அளவில் இருக்கிறார்கள் என்பது அப்போதுதான் உறைக்கும். கைபேசித் திரையில் அது தெரியாது. முடிந்தால் கணினியில் பாருங்கள், இல்லையென்றால் ஏ4 தாளில் அச்செடுத்துக்கொள்ளுங்கள்.

2. வலது ஓரத்தை மூடிப் பாருங்கள்

இந்தப் படியை மட்டும் தவறவிடாதீர்கள். படத்தின் வலது ஓரத்தில் பச்சை முகம் ஒன்று நம்மை நோக்கி வருகிறது, பார்த்தீர்களா? மே மில்டன் என்ற நடனக் கலைஞர் அவர். படத்தின் விளிம்பு அவர் உருவத்தை வெட்டிவிடுகிறது, கூட்டத்தில் நம்மை இடித்துக்கொண்டு போகிறவரைப் பார்ப்பது போல. ஒரு வெள்ளைத் தாளை எடுத்து அவரை முழுவதுமாக மறையுங்கள். படத்தின் அடிப்பகுதியிலும் கொஞ்சம் மறையுங்கள்.

என்ன ஆயிற்று? ஒரு நண்பர் குழுவின் அமைதியான ஓவியம் மிச்சமிருக்கிறது. எட்டி நின்று பார்க்கிறோம். இப்போது தாளை எடுத்துவிடுங்கள். சட்டென்று நாமும் அந்த அறைக்குள் இருக்கிறோம், யாரோ நம் முகத்துக்கு நேரே வந்துவிட்டார்.

இது நான் கண்டுபிடித்த விளையாட்டு இல்லை. இந்த ஓவியத்துக்கு உண்மையிலேயே அது நடந்திருக்கிறது. ஒரு காலத்தில் யாரோ அந்த வலது பக்கத்தையும் கீழ்ப்பக்கத்தையும் வெட்டி எடுத்திருக்கிறார்கள். பிறகு அந்தத் துண்டு மீண்டும் சேர்த்து ஒட்டப்பட்டது. பெரிதாக்கிக் கூர்ந்து பார்த்தால் இணைத்த தடம் தெரியும். அந்தப் பச்சை முகம் இருந்தால் படம் விலைபோகாது என்று ஒரு வியாபாரி நினைத்திருக்கலாம் என்பது பொதுவான ஊகம். எனக்கு அந்த ஊகம் பொருத்தமாகவே படுகிறது. ஏனென்றால், முதன்முதலில் பார்க்கிற பலருக்கும் உறுத்துவது அந்த முகம்தான். படத்தைத் தாங்கி நிற்பதும் அதேதான்.

3. முகங்களை விட்டுவிட்டு, கண்ணைச் சுருக்குங்கள்

கண்ணை முக்கால்வாசி மூடி, இமை வழியாகப் படத்தைப் பாருங்கள். விவரங்கள் கரைந்து பெரிய வடிவங்கள் மட்டும் தெரியும். இடது கீழ் மூலையிலிருந்து சாய்வாக ஓடும் ஒரு மரக் கைப்பிடி. நடுவில் கறுப்பு உடைகளும் தொப்பிகளும் சேர்ந்த ஒரு திட்டு. பின்னால் பச்சைப் படலமாக நிலைக்கண்ணாடிகள். இந்த மூன்றையும் ஒரு சிறு தாளில் மூன்று கிறுக்கலாகப் போட்டுக்கொள்ளுங்கள். ஒரு நிமிடம் போதும்.

அந்தச் சாய்வுக் கைப்பிடி லோத்ரெக் ஜப்பானிய மர அச்சுப் படங்களிலிருந்தும், தெகா என்ற மூத்த பிரெஞ்சு ஓவியரிடமிருந்தும் கற்றுக்கொண்டது. மேடை போல நேராக அடுக்காமல், ஓரமாக நின்று எட்டிப் பார்ப்பது போல அறையைச் சாய்த்துவிடுகிற முறை. சாய்வு இருப்பதால் கண் ஓரிடத்தில் நிற்காமல் உள்ளே வழுக்கிக்கொண்டு போகிறது.

4. பார்வைகளுக்கு நூல் கட்டுங்கள்

இனி முகங்கள். ஒவ்வொரு முகத்தின் கண்ணிலிருந்தும் அது பார்க்கும் திசைக்கு ஒரு நேர்க்கோடு போடுங்கள், அச்செடுத்த தாளின் மேலேயே. நூல் கட்டுவதாக வைத்துக்கொள்ளுங்கள். முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பவருக்கு அவர் தலை திரும்பியிருக்கும் பக்கம் போடுங்கள்.

சாதாரணமாக ஒரு நண்பர் கூட்டத்தை வரைந்தால் இந்த நூல்கள் ஓரிடத்தில் முடிச்சு விழும். பேசுகிறவர் முகத்திலோ, சிரிக்க வைத்தவர் முகத்திலோ. இங்கே நூல்கள் ஒன்றையொன்று தொடாமல் பிரிந்து போகின்றன. அறையின் பின்பகுதியில் ஒரு பெண் கண்ணாடி முன் நின்று தலைமுடியைச் சரிசெய்துகொண்டிருக்கிறார். அவர் பார்வை கண்ணாடிக்குள் போய்விடுகிறது. மே மில்டனின் பார்வை மட்டும் படத்தை விட்டு வெளியே, நம் பக்கம் வருகிறது.

மதுக்கூடத்தில் மனிதர்கள் பழகும் விதத்தைப் பற்றி லோத்ரெக் கண்டது இதைத்தான் என்று நினைக்கிறேன். கூட்டத்துக்காகப் போகிறோம், தோளோடு தோள் இடிக்க உட்காருகிறோம், பேச்சு ஓய்கிற கணத்தில் அவரவர் தனக்குள் போய்விடுகிறோம். அந்தக் கணம் ஒரு நொடிதான். மீண்டும் யாராவது ஏதாவது சொல்வார்கள், எல்லோரும் திரும்புவார்கள். அவர் அந்த நொடியில் நிறுத்தியிருக்கிறார். இதைச் சோகம் என்று படித்துவிடக் கூடாது. நெருக்கமானவர்களிடம்தான் இப்படிப் பேசாமல் இருக்க முடியும்.

5. அவர்களுக்குப் பெயர் உண்டு

இந்த ஐவர் ‘குடிகாரர்கள்’ என்ற பொதுப்பெயருக்குள் அடங்குகிறவர்கள் அல்லர். ஒவ்வொருவரும் ஓவியரின் நண்பர். தாடியோடு இருப்பவர் எதுவார் துழார்தன், எழுத்தாளர். லா மக்காரோனா என்ற நடனக் கலைஞர் ஒருவர். போல் செஸ்கோ புகைப்படக்காரர். மொரீஸ் கிபேர் ஷாம்பெய்ன் விற்பனை முகவர். நமக்கு முதுகைக் காட்டும் செம்பட்டைத் தலைக்காரி ழான் அவ்ரில் என்ற நடனக் கலைஞராக இருக்கலாம் என்கிறார்கள். அந்த ஆரஞ்சுக் கூந்தல்தான் படத்திலேயே மிகச் சூடான இடம். பின்னால் தலைமுடியைச் சரிசெய்கிறவர் லா கூலு. இயற்பெயர் லூயீஸ் வேபர். அந்தக் காலத்தில் பாரிஸே அறிந்த ஆட்டக்காரி.

மூலான் ரூஜ் 1889 அக்டோபர் 6 அன்று மோன்மார்த் மலையடிவாரத்தில் திறக்கப்பட்டது. லோத்ரெக் ஏறக்குறைய தொடக்கத்திலிருந்தே அங்கே போய் உட்கார்ந்தவர். 1891-இல் அந்த அரங்குக்காக அவர் செய்த சுவரொட்டி, லா கூலு நடுவில் ஆடுவது, நகரச் சுவர்களில் ஒட்டப்பட்டு அவரை ஒரே இரவில் பேர்பெற்றவராக்கியது. அதாவது, இந்த ஓவியத்தில் இருக்கிற பெண்கள் அங்கே பொழுதுபோக்க வந்தவர்கள் அல்லர், பெரும்பாலும் வேலைக்கு வந்தவர்கள். ஆட்டம் முடிந்து, அடுத்த ஆட்டத்துக்கு முன் ஒரு கோப்பையோடு உட்கார்ந்திருப்பவர்கள். அந்தக் களைப்பை லோத்ரெக் அவர்கள் முகத்தில் வைத்தார், மறைக்கவில்லை. வேலை செய்கிறவரின் முகத்தை அப்படியே வரைவது மரியாதை என்பது என் கருத்து.

6. பச்சை எதனால்?

மே மில்டனின் முகம் ஏன் பச்சை என்று எல்லோரும் கேட்பார்கள். நோய், போதை, ஒழுக்கச் சிதைவு என்று என்னென்னவோ விளக்கம் எழுதியிருப்பதைப் படித்திருக்கிறேன். முதலில் எளிய விடையைப் பாருங்கள்: வெளிச்சம். மேடையிலும் கூடத்திலும் செயற்கை விளக்குகள் எரிகின்றன. வெளிச்சம் கீழிருந்து மேலே அடித்தால் கன்னமும் மூக்கின் அடிப்பகுதியும் ஒளிரும், கண்குழியில் நிழல் விழும். இரவில் தாடைக்குக் கீழே கைபேசி டார்ச்சை வைத்து நிலைக்கண்ணாடியில் பாருங்கள், உங்கள் முகமே உங்களுக்கு அந்நியமாகத் தெரியும்.

அந்த வெளிச்சத்தை லோத்ரெக் இன்னும் ஒரு படி தள்ளினார். பின்னால் கண்ணாடிகளில் ஏற்கனவே பரவியிருக்கும் பச்சையை முன்னால் கொண்டுவந்து முகத்தில் வைத்தார். எதிரே செம்பட்டைக் கூந்தலின் ஆரஞ்சு. இந்த இரண்டும் ஒன்றையொன்று இழுக்கின்றன. கையால் ஒன்றை மறைத்துப் பாருங்கள், மற்றது உடனே மங்கிவிடும்.

7. பிரவுன் பேப்பரை எடுங்கள்

‘மூலான் ரூஜில்’ துணியில் வரைந்த பெரிய ஓவியம். ஆனால் லோத்ரெக் மனதுக்கு மிக நெருங்கி வேலை செய்தது சாதாரண அட்டையில்தான். பூச்சு எதுவும் பூசாத, பழுப்பு நிற அட்டை. அதில் அவர் கையாண்ட முறை தெரிந்துவிட்டால், அவர் படங்கள் ‘பாதியில் விட்டது’ போலத் தெரிவதன் காரணம் புரிந்துவிடும்.

எண்ணெய் வண்ணத்தை மையொற்றுத் தாளில் வைத்தால் எண்ணெயைத் தாள் உறிஞ்சிவிடும். மிஞ்சிய விழுதை டர்பன்டைனில் நீர்த்தாற்போல் கரைத்து, தூரிகையால் அட்டையில் கோடு கோடாகத் தீட்டுவார். அட்டை ஈரத்தை உடனே இழுத்துக்கொள்ளும், வண்ணம் சீக்கிரம் காயும், பளபளப்பு இருக்காது. பாஸ்டல் குச்சியால் வரைந்தது போன்ற தூள் தன்மை வரும். எண்ணெய் வண்ணத்தைக் கொண்டு ஸ்கெட்ச் வேகத்தில் வேலை செய்வதற்கான வழி இது. மனிதர்கள் நாற்காலியை விட்டு எழுந்து போய்விடும் இடத்தில் வேகம் தேவைதானே!

முக்கியமானது அட்டையின் நிறம். அவர் அதை மூடவில்லை. உடையின் நிழலும், சுவரும், சில இடங்களில் தோலின் நிறமுமே வெறும் அட்டைதான். வெளிச்சம் வேண்டிய இடத்தில் வெள்ளை, ஆழம் வேண்டிய இடத்தில் நீலம் அல்லது கறுப்பு, நடுவில் இருப்பதை அட்டையே பார்த்துக்கொள்ளும். ஒன்று நினைவில் இருக்கட்டும்: அட்டை வயதாக ஆகக் கறுக்கும். இன்று நாம் பார்க்கும் பழுப்பு, அவர் பார்த்ததைவிட அடர்த்தியானது.

நாமும் இதைச் செய்து பார்க்கலாம். டர்பன்டைன் வேண்டாம், அதன் புகை மூக்கைத் துளைக்கும், தீப்பற்றவும் கூடும். பள்ளி நோட்டுக்கு அட்டை போடும் பிரவுன் பேப்பர் போதும், அதன் மினுமினுப்பில்லாத பக்கம். ஒரு கறுப்பு அல்லது அடர்நீலப் பென்சில். போஸ்டர் கலரில் வெள்ளை, பச்சை, ஆரஞ்சு மூன்று மட்டும். ஒரு நடுத்தரத் தூரிகை. தாள் தண்ணீரில் நெளியும், அதனால் நான்கு மூலையையும் டேப் போட்டு ஒரு பலகையில் ஒட்டிக்கொள்ளுங்கள்.

நகலெடுக்க இரண்டு படங்களைச் சொல்கிறேன். ஒன்று, கிளீவ்லேண்டில் இருக்கும் ‘காஃபேயில் திரு. போய்லோ’, 1893. பருத்த உடலோடு ஒரு மனிதர் மேசையை நிறைத்து உட்கார்ந்திருப்பார். அட்டையில் கௌவாஷ் என்ற ஒளிபுகாத நீர்வண்ணத்தில் செய்தது. தொடக்கக்காரருக்கு ஏற்றது, ஏனென்றால் பெரிய வடிவம் ஒன்றே ஒன்றுதான். இன்னொன்று, பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் இருக்கும் ‘ஆ லா மீ’, சுமார் 1891. மேசையில் ஓர் ஆணும் பெண்ணும், சாப்பிட்டு முடித்த மிச்சம், பாட்டில். இருவருக்கும் பேச எதுவும் இல்லை.

வரையும் வரிசை இப்படி இருக்கட்டும். மேசையின் விளிம்பை முதலில் போடுங்கள், அது சாய்வாக இருந்தால் சாய்வாகவே. அப்புறம், ஆட்களை வரையாதீர்கள். இருவருக்கும் இடையே உள்ள காலி இடத்தின் உருவத்தை வரையுங்கள். ஒரு தோளிலிருந்து மற்றத் தோளுக்கு, தலைகளுக்கு நடுவே, கைகளுக்கு நடுவே, அந்த வெற்றிடத்தின் வெளிக்கோடு எப்படி ஓடுகிறது? அதைப் போட்டு முடித்தால் ஆட்கள் தாமாகவே வந்திருப்பார்கள், அவர்களுக்குள் இருக்கும் தூரமும் கூடவே வந்திருக்கும். ‘ஆ லா மீ’ முழுக்க அந்தத் தூரத்தைப் பற்றிய படம் என்பது எனக்கு இப்படி வரைந்தபோதுதான் தெரிந்தது.

அதற்குப் பிறகு தொப்பி, தலைமுடி. முகம் கடைசியில். கண், மூக்கு, வாய் ஆகியவற்றை முழுசாக வரைய முயலாமல், புருவத்தின் சரிவையும் வாயின் ஒரு கோட்டையும் மட்டும் போடுங்கள். இறுதியாக வெள்ளை. கழுத்துப்பட்டை, கோப்பையின் விளிம்பு, மேசையின் ஒரு மூலை. மூன்று நான்கு இடத்துக்கு மேல் வேண்டாம். இருபது நிமிடத்தில் கையை எடுத்துவிடுங்கள். மிச்சத் தாளை நிரப்பத் தோன்றும், அங்கேதான் நான் ஒவ்வொரு முறையும் கெடுத்திருக்கிறேன். காலியாக விட்ட பிரவுன் பேப்பர்தான் அறையின் காற்று.

8. கோடு எந்தத் திசையில் ஓடுகிறது?

இப்போது ஆம்ஸ்டர்டாமில் வான் கோ அருங்காட்சியகத்தில் உள்ள ஒரு படத்துக்குப் போவோம். 1887-இல், தன் 22-ஆவது வயதில், லோத்ரெக் வின்சென்ட் வான் கோவை அட்டையில் பாஸ்டலால் வரைந்தார். இருவரும் 1886-இல் ஃபெர்னான் கோர்மோன் என்ற ஓவியரின் பயிற்சிக்கூடத்தில் அறிமுகமானவர்கள். மதுக்கடை மேசையில், பக்கவாட்டில், முன்னால் குனிந்து உட்கார்ந்திருக்கிறார் வான் கோ. எதிரே ஒரு கோப்பை அப்சிந்த். தண்ணீர் ஊற்றினால் வெண்பச்சையாகக் கலங்கும் அந்த மது அன்றைய பாரிஸின் வழக்கமான பானம். பிரான்ஸ் 1915-இல் அதைத் தடைசெய்தது.

படத்தைப் பெரிதாக்கி, கோடுகளின் திசையை மட்டும் பாருங்கள். எல்லாம் சின்னச் சின்னச் சாய்வுக் கோடுகள், நீலமும் ஆரஞ்சும் மஞ்சளும் ஒன்றன்மேல் ஒன்றாக. தோளில் ஒரு பக்கம் சாய்கின்றன, பின்னணியில் வேறு பக்கம். அந்த ஆள் எழுந்துவிடப்போகிறவர் போல முன்னால் தள்ளப்படுகிறார். வான் கோவின் முகத்தை நாம் பெரும்பாலும் அவரே வரைந்த படங்களில்தான் பார்த்திருக்கிறோம். பக்கத்து நாற்காலி நண்பர் ஒருவர் பார்த்த வான் கோ இது. எனக்கு மிகப் பிரியமான படம், அதனால் இங்கே கொஞ்சம் கூடுதல் நேரம் இருங்கள்.

9. நடிப்பையும் அறிந்துகொள்ளுங்கள்

மதுக்கூடத்தில் உட்கார்ந்து கண்ணில் பட்டதை அப்படியே வரைந்தார் என்று நினைத்துவிட்டால் பாதிதான் சரி. லோத்ரெக் ஓயாமல் கிறுக்கிக்கொண்டே இருந்தவர், அவர் விட்டுச்சென்ற கோட்டோவியங்கள் 5,000-க்கும் மேல். ஆனால் பெரிய படங்களை அவர் கட்டியமைத்தார். ‘ஆ லா மீ’யில் சலித்துப்போய் உட்கார்ந்திருக்கும் அந்த ஆண் வேறு யாருமில்லை, நாம் மேலே சந்தித்த ஷாம்பெய்ன் முகவர் மொரீஸ் கிபேர்தான். ஒரு மாடலோடு அவரை உட்கார வைத்து, போல் செஸ்கோ புகைப்படம் எடுத்தார். அந்தப் புகைப்படத்தை வைத்து ஓவியம் உருவானது. நண்பர்கள் கூடி, ஒரு சலிப்பை நடித்திருக்கிறார்கள்.

தெகாவின் புகழ்பெற்ற அப்சிந்த் ஓவியமும் இப்படித்தான். 1875-76 காலத்தில் வரைந்தது, பாரிஸின் ஓர்சே அருங்காட்சியகத்தில் இருக்கிறது. தளர்ந்துபோன அந்தக் குடிகாரத் தம்பதி உண்மையில் எலன் ஆந்த்ரே என்ற நடிகையும் மார்ஸலன் தெபூத்தன் என்ற ஓவியரும். இது தெரிந்தபின் படத்தின் வலு குறையுமா? எனக்குக் குறையவில்லை. யாரோ முன்பின் தெரியாத ஏழையைத் திருட்டுத்தனமாகப் பார்த்து வரைவதைவிட, தன் நண்பனைக் கேட்டு உட்கார வைப்பது நேர்மையான வேலை.

10. தனியாக இருக்கும் பெண்

கூட்டத்தைப் பார்த்துப் பழகிய பிறகு ‘குடித்த மறுநாள்’ என்று பொருள்படும் தலைப்புடைய படத்துக்கு வாருங்கள். 1887-89 காலத்தது, ஹார்வர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மேசையில் முழங்கையை ஊன்றி, தாடையைக் கையில் தாங்கி, ஒரு பெண். முன்னால் பாட்டிலும் கோப்பையும்.

இவர் சுசான் வாலதோன். மாடலாக வேலை செய்துகொண்டே, ஓவியர்கள் வரைவதைப் பார்த்துப் பார்த்துத் தானே வரையக் கற்றுக்கொண்டவர். 1894-இல் பிரெஞ்சு தேசிய நுண்கலைச் சங்கத்தின் கண்காட்சியில் அவருடைய கோட்டோவியங்கள் இடம்பெற்றன. தெகாவே அவர் வரைந்தவற்றை வாங்கி வைத்துக்கொண்டார். இந்தத் தகவலோடு மறுபடி அந்த முகத்தைப் பாருங்கள். எதிரே வரைந்துகொண்டிருப்பவரின் கை எப்படி நகர்கிறது என்று அந்தப் பெண்ணுக்கும் தெரியும்.

11. படத்தை மூடிவிட்டு வரையுங்கள்

மறுநாள், எதையும் பார்க்காமல், நினைவிலிருந்து ஒரு முறை வரையுங்கள். எந்தக் கோடு நினைவில் நின்றதோ அதுவே உங்களுக்கு அந்தப் படத்தின் முதுகெலும்பு. 1899-இல் மதுப்பழக்கம் முற்றி உடல்நலமும் மனநலமும் சரிந்து, லோத்ரெக் பாரிஸை அடுத்த நெய்யியில் ஒரு மருத்துவமனையில் அடைக்கப்பட்டார். தன் புத்தி தெளிவாக இருக்கிறது என்று மருத்துவர்களுக்குக் காட்ட, வெறும் நினைவிலிருந்தே சர்க்கஸ் காட்சிகளை வரிசையாக வரைந்தார். குதிரை, கோமாளி, கயிற்றின்மேல் நடப்பவர் என்று எல்லாம் அதில் வந்தன. வெளியே விட்டார்கள். அதற்குப் பிறகு அவர் இரண்டே ஆண்டுகள்தான் இருந்தார். இறக்கும்போது வயது 36.

12. பின்னால் நடந்து போகும் இருவர்

இப்போது ‘மூலான் ரூஜில்’ ஓவியத்துக்குத் திரும்பி வாருங்கள். மேசைக்குப் பின்னால், தலைகளுக்கு மேலே, இரண்டு ஆண்கள் கூடத்தின் குறுக்கே நடந்து போகிறார்கள். இத்தனை படிகளிலும் நான் அவர்களை வேண்டுமென்றே சொல்லவில்லை. ஒருவர் நெட்டை, கொஞ்சம் கூன் விழுந்தவர். பக்கத்தில் தாடியும் வட்டத் தொப்பியுமாக மிகக் குட்டையானவர்.

நெட்டையானவர் காப்ரியேல் தாப்பியே த செலெரான், ஒரு மருத்துவர். குட்டையானவர் அவருடைய உறவினர் துலூஸ் லோத்ரெக். தென் பிரான்ஸில் அல்பி நகரத்துப் பிரபு வீட்டுப் பிள்ளை. பதின்மூன்று, பதினான்கு வயதில் அடுத்தடுத்து இரண்டு தொடை எலும்பும் முறிந்து, அதற்குப் பிறகு கால்கள் வளரவில்லை. ஏறத்தாழ 5 அடியில் நின்றுவிட்டார். தான் பார்த்த அறைக்குள் தன்னையும் வைத்திருக்கிறார், நடுவில் இல்லை, மேசையிலும் இல்லை, பின்னால், போகிற போக்கில். அங்கே இருக்கிற யாரும் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை.

உங்கள் பிரவுன் பேப்பரில் அவருக்கு ஒரு விரல்நுனி அளவு இடம் போதும். தொப்பிக்கு ஒரு வளைவு, தாடிக்கு ஒரு கறுப்புத் தீற்று, பக்கத்தில் அந்த நெட்டை உருவத்துக்கு ஒரு நீண்ட கோடு. மற்ற எல்லாம் காய்ந்த பிறகு அவரை வரையுங்கள்.